'சாப்பாடு ஆறுது': பதினோராவது டேக்

சென்ற தை மாதம், முப்பத்தோராவது வயதில், நான் பணி ஓய்வு பெற்றேன். சிரிக்க வேண்டாம். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. பழவேற்காடு கடைத்தெருவில் ஐஸ் டிப்போவுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஒலிப்பதிவு அறையை மூடிய அன்று, முதலாளி தயாளன் அண்ணன் எனக்குச் சால்வை போட்டு, மைக் முன்னால் நிறுத்தி, எட்டு வருட சேவை என்று அவரே அறிவித்தார். கேட்பதற்கு இருந்தவர்கள் அவர் மனைவியும், கீழே ஐஸ் உடைக்கும் இரண்டு பேரும்.

"வேலய வுட்டுப் போறவங்க யாரா இருந்தாலும் சொல்லி அனுப்பணும் கலைம்மா. வயசு அவங்க சொந்த விசயம்" என்றார்.

அறையை மூடியதற்குக் காரணம் கைபேசிதான். இப்போது ஐஸ் டிப்போ விளம்பரத்தை ஒரு இயந்திரப் பெண்குரல் சொல்கிறது. காவடி, கல்யாணம், காணாமல் போன ஆடு எல்லாவற்றையும் அதே குரல், அதே சந்தோஷத்தோடு சொல்கிறது. அதற்கு மூச்சு வாங்குவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் போன மாதம் பொன்னேரியிலிருந்து இரண்டு கல்லூரி மாணவிகள் பஸ் பிடித்து வந்தார்கள். 'சாப்பாடு ஆறுது' பாட்டைப் பற்றி ஏதோ ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமாம்.

"அக்கா, அந்தப் பாட்ட பதிவு பண்ணது நீங்கதானாமே? நடுவுல ஒரே ஒரு வரிக்கு வேற ஒரு கொரல் வருதுல்ல, அது யாரு? சென்னையில இருந்து யாரையோ கூட்டிட்டு வந்து பாட வெச்சீங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க."

"கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

"யார கேக்கணும்?"

"அந்தக் குரல."

அவர்களுக்குப் புரியவில்லை. புரிய வேண்டுமானால் எங்கள் அறையின் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா, அதாவது என் அப்பா, ஏரியில் வலை கட்டுகிறவர். அம்மா மீன்கூடை சுமந்தவள். நான் தினமும் பஸ்ஸில் போய் மின்னணுவியல் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டப்படிப்பில் ஒலிப்பதிவு பற்றி இரண்டே பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராது என்று அதைப் படிக்காமல் விட்டேன். அந்த இரண்டு பக்கம்தான் எனக்குச் சோறு போட்டது. என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறோம். மீன் வாங்க வருகிறவர்களும் படித்துவிட்டுத்தான் போவார்கள். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

தயாளன் அண்ணன் முதலில் மைக்செட் வாடகைக்கு விட்டவர். பிறகு அறை கட்டினார். சுவர் முழுக்க மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகளைப் பிரித்து ஒட்டினார். எதிரொலியை அது கொஞ்சமும் தடுக்கவில்லை, வெயில் காலத்தில் நாறியது. பழைய வலைகளைப் பொதியாகக் கட்டி மூலைக்கு மூலை அடுக்கிய பிறகுதான் அறை அடங்கியது. கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் காலையிலும், மூன்று மணிக்கு மேலும் ஓடும். அதனால் பதிவு பகல் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பாட வருகிறவர் சாவிக்கொத்து, கைச்சங்கிலி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருக்கும் மீன்கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். அதை விட்டு நகரக்கூடாது.

ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பாடிப் பதிவதற்கும், ஒரு துண்டுச்சீட்டு எழுத வேண்டும். அண்ணன் எழுதுவது எப்போதும் குறைகள்தான்: 'வண்டி ஹாரன்', 'இருமல்', 'மனசு இல்லை'. ஒரு டேக் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, கூரையைப் பார்த்து, "இன்னொண்ணு" என்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆளுங்கட்சி ஆட்டோவுக்கும், பூ மிதி திருவிழாவுக்கும், 'இன்று வஞ்சிரம் மலிவு' என்பதற்கும் அதே "இன்னொண்ணு".

இனி அந்தச் சட்டம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு கோவிந்தன் என்று ஒருவர் இறந்துபோக, அவருக்கு அண்ணன் மரண அறிவிப்பு செய்திருக்கிறார். ஊரில் இரண்டு கோவிந்தன். தெருப்பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். உயிரோடு இருந்த கோவிந்தன் டீக்கடையில் உட்கார்ந்து தன் சாவைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு ஓடினால் வாசலில் ஷாமியானா. ஆரம்பாக்கத்திலிருந்து மாலையோடு வந்திருந்த அத்தை அவரைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பஸ்ஸு புடிச்சி வந்துகிறேன்" என்று சண்டை போட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து சட்டம்: பதிவில் யார் பெயர் வந்தாலும் அந்த ஆள் நேரில் வர வேண்டும். ராகம் போடாமல், இரண்டு முறை, நிறுத்தி நிறுத்தி நான் வாசிப்பேன். ஒப்புக்கொண்டால் சம்மத நோட்டில் கையெழுத்து. மரணம் என்றால் வீட்டார் கையெழுத்து. வாழ்த்தோ, விளம்பரமோ, வசையோ, விதிவிலக்கு கிடையாது.

வசை வரும் என்று அண்ணன் அப்போது எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் குப்பத்தில் மணிமாறன் என்றொரு தம்பி. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வேலை. வீட்டில் எல்லாரும் வலை, இவன் மட்டும் ஷிப்ட். ராப் பாடுவான். எம்.சி. சுழி என்று பெயர் வைத்துக்கொண்டான். அம்மன் திருவிழா மேடையில் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஆறாவது நிமிடத்தில், அவன் உச்சத்தில் இருக்கும்போது, சேகர் அண்ணன் மேடையேறி மைக்கை மெதுவாக வாங்கி, "போதும் தம்பி, சாப்பாடு ஆறுது" என்றார்.

ஊரே சிரித்தது. அதைவிட மோசம், ஊரே எழுந்து சாப்பிடப் போனது. அந்தக் காட்சி எல்லார் கைபேசியிலும் ஏறியது.

சேகர் அண்ணனைத் தெரியாதவர்களுக்கு: நாற்பது வயது, ஏரியில் மட்டும் தொழில் செய்பவர். கடலுக்குப் போனதே இல்லை. கடலுக்குப் போகக்கூடாது என்று சின்ன வயதில் அவர் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார் என்பது ஊரறிந்த கதை. அன்று சமையல் பொறுப்பு அவருடையது. சாப்பாடு உண்மையாகவே ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து மணி எங்கள் மாடிக்கு வந்தான். கையில் நான்கு பக்கம்.

"கலைக்கா, அந்தாள கிழிச்சி தொங்க வுட்ருக்கேன். பதிவு போட்டுக் குடு."

ராப் பாடுகிறவர்கள் இதை டிஸ் டிராக் என்பார்கள். எதிரியின் பெயரைச் சொல்லியே திட்டுவது. நான் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சேகர் அண்ணன் பேரு இருபத்திரண்டு எடத்துல வருது. அவர கூட்டிகினு வா" என்றேன்.

"யார?"

"திட்டு வாங்குறவர. நோட்டுல கையெழுத்துப் போடணும்."

மணி தயாளன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

சேகர் அண்ணன் மறுநாளே வந்துவிட்டார், சலவைச் சட்டையில். கூடவே அவர் மனைவி வள்ளி அக்கா. வசை மெய்யாகவே நல்ல தமிழில் இருக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். நான் வாசிக்கத் தொடங்கினேன்.

"சாப்பாடு ஆறுது. எவனுக்கு ஆறுது. சேகரு வயித்துக்கு ஏரியே நாறுது."

"நல்லா கீது" என்றார் சேகர் அண்ணன்.

"படகு ஓட்ட, பல்லு ரெண்டு ஓட்ட."

"நிறுத்து. பல்லு ஒண்ணுதான் இல்ல. ஒண்ணுன்னு போடு."

"அண்ணே, ஒண்ணுன்னா தாளம் இடிக்கும்ணே" என்றான் மணி.

"அதுக்குன்னு பொய் சொல்லுவியா?"

வள்ளி அக்கா அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி உள்ளே பார்த்தாள். "ரெண்டுன்னே போடுப்பா. இன்னொண்ணு ஆடிகினுதான் கீது."

அப்படியே போனது. மீசையைப் பற்றிய வரியில் அவருக்குச் சந்தோஷம். தொந்தியைப் பற்றிய வரியில், "இன்னும் ரெண்டு போடு, இது பத்தாது" என்றார். திட்டு வாங்குகிறவர் மாதிரியே இல்லை, வீடு கட்ட வரைபடம் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு வள்ளி அக்காவின் குழம்பைப் பற்றிய வரி வந்தது. நான் பாதி வாசிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எம் புருசன இன்னா வேணா திட்டு. எங் கொழம்ப திட்டுனா மைக்க புடுங்கி ஏரில வீசிடுவேன்."

அந்த ஒரு வரி மட்டும் நீங்கியது. 'மேற்படி வசைகள் எனக்கு இருமுறை வாசித்துக் காட்டப்பட்டன, சம்மதம்' என்று நான் எழுதியதன் கீழே சேகர் அண்ணன் பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டார்.

வரி நீங்கிய இடத்தில் தாளத்தில் எட்டுத் தட்டு வெறுமையாக நின்றது. என் பணிக்காலத்தின் பெரிய தவறு அந்த எட்டுத் தட்டுக்குள் நடந்தது.

மூன்று நாள் பகல் பதிவு. இசை அனுப்பம்பட்டிலிருந்து ஒரு நண்பன் மணிக்கு அனுப்பியது. நல்ல இசைதான், ஆனால் பாடுகிறவனுக்கு அந்த வெற்றிடம் பள்ளம் மாதிரி. ஒவ்வொரு முறையும் அங்கே வந்து கால் இடறினான். "அங்க மூச்சு வாங்கு தம்பி" என்றேன். மூச்சு வாங்கினால் கோபம் இறங்கிவிட்டது. சீட்டுகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. டேக் 4, வாசலில் நாய். டேக் 7, வட்டம் தாண்டினான். டேக் 9, பாதியில் ஐஸ் இயந்திரம். (அந்த 'கரகர' ஓசையை முதல் சரணத்துக்குப் பின் ஒட்டவைத்தோம். இதுவரை இல்லாத ஓசை என்று பின்னாளில் பலர் பாராட்டினார்கள். அது இரண்டு பார் ஐஸ்.)

மூன்றாம் நாள் அண்ணன் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மைக்செட் கட்டத் திருப்பாலைவனம் போயிருந்தார். அறையில் நானும் மணியும் மட்டும். டேக் பதினொன்று. பள்ளத்துக்கு வந்தான். இடறவில்லை. எழுதியிராத ஒரு வரி அவன் வாயிலிருந்து தானாக வந்து அந்த எட்டுத் தட்டில் அச்சாக உட்கார்ந்தது.

"முந்தாநாள் எவன் மொற? முகத்துவாரம் எவன் வல?"

அதன் பிறகு அவன் பாடியது முழுக்க வேறு ஆள் பாடியது போல இருந்தது. சீட்டில் 'டேக் 11, நன்று' என்று எழுதினேன். அந்த அறையில் யாரும் எழுதியிராத சொல். அண்ணன் இல்லாமல் ஒரு முழுப்பாட்டை முடித்தோம் என்கிற கர்வம். சேகர் அண்ணனைக் கூப்பிட்டு அந்தப் புதிய வரியை வாசித்துக் காட்டவில்லை. அன்றே பாட்டு வெளியே போனது.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த வரியில் ஒன்றும் இல்லை. எங்களுக்கு அதில் எல்லாம் இருக்கிறது. ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். பாடு என்று பெயர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் இருப்பதிலேயே நல்ல இடம். அடுத்தவன் முறையில் அங்கே வலை கட்டுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் ஊரில் இல்லை. அப்படி ஒருவர்மேல் புகார் வந்தால், விசாரணை முடியும்வரை அவர் வலையை நனைக்கக்கூடாது.

கம்பெனி பஸ்ஸில் போய்வரும் மணிக்கு அது நாக்கில் நன்றாக உருளும் ஒரு சொல். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது. நான் வலை கட்டுகிறவர் மகள்.

பாட்டு பரவிய வேகத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. பொன்னேரி கல்யாண மண்டபங்களில் பந்தி தாமதமானால் "சாப்பாடு ஆறுது, எவனுக்கு ஆறுது" என்று கோரஸாகக் கத்தினார்கள். பஸ் கண்டக்டர்கள் பாடினார்கள். நான் சான்றிதழைத் துடைத்து மறுபடி மாட்டினேன். எட்டாம் நாள் நைனா ஏரியிலிருந்து வந்தார். கால் கழுவவில்லை.

"சேகரு மொறைய நிறுத்தி வெச்சிட்டாங்க."

"இன்னாத்துக்கு?"

"உம் பாட்டு புகார் குடுத்துருக்குது. வர்ற வெள்ளிக்கெழம அவனுக்கு முகத்துவாரம். வருசத்துலயே நல்ல சமயம். போச்சு." துண்டை உதறினார். "கடலுக்குப் போறவன்னா பரவால்ல நைனா. அவனுக்கு ஏரிய வுட்டா வேற இன்னா கீது?"

நைனா என்னைச் செல்லமாகக் கூப்பிடுவதும் நைனா என்றுதான். அன்று அது சுட்டது.

மறுநாள் மீன் ஏலக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. கவிழ்த்த மீன்கூடை மேல் ஒரு புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். நாட்டார் ஏகாம்பரம், அவர்தான் எங்கள் ஊர்ப் பெரிய தலை, பாட்டை வரிவரியாக நிறுத்தச் சொல்லிக் கேட்டார். பல், தொந்தி, மீசை எல்லாவற்றுக்கும், "இது ஊருக்குச் சம்பந்தமில்ல, மேல போ" என்றார். அந்த வரி வந்தது.

"மணி, எவன் மொறன்னு கேட்டுக்கிற. பதில் இன்னா?"

"பதில்லாம் இல்லிங்க. அது சும்மா கேள்வி."

"பதில் வேணாம்னா இன்னாத்துக்குடா கேட்ட?"

மணி ஒலிபெருக்கியைப் பார்த்தான்.

"சரி. நீ கண்ணால பாத்தியா?"

"இல்லிங்க. வேகத்துல வந்துடுச்சி."

"அப்ப அம்மன் முன்னால சத்தியம் பண்ணி வாபஸ் வாங்கிக்கோ."

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கைபேசி அடித்தது. 'முந்தாநாள் எவன் மொற' என்றது. அவர் பதறி அணைத்தார்.

நாட்டார் கையை விரித்தார். "பாரு. வாபஸ் வாங்கிகினு இருக்கும்போதே மறுபடியும் புகார் குடுத்துட்டான்."

இன்னொரு பெரியவர் அதைவிட நுணுக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தார். பாட்டு 'முந்தாநாள்' என்கிறது. இன்றைக்குப் பாடினால் திங்கள்கிழமை, நாளைக்குப் பாடினால் செவ்வாய்க்கிழமை. புகார் தினமும் ஒரு நாள் நகர்கிறது. ஆகவே சேகர் தினமும் புதிதாக ஒரு நாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். சேகர் அண்ணன் விரலை மடக்கி, போன திங்கள் எங்கே இருந்தோம் என்று நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. நான் எழுந்ததும் சலசலப்பு. நைனா பலகையில் நகர்ந்து, நான் முன்னால் போக வழிவிட்டார். சம்மத நோட்டைப் பிரித்து, கையெழுத்தான வசைகள் அனைத்தையும் முதலிலிருந்து, ராகம் போடாமல், இரண்டு முறை வாசித்தேன். தொந்தி உட்பட.

"இதுல அந்த வரி இல்ல. பதினோராவது டேக்கில வந்துச்சி. சேகர் அண்ணனுக்கு வாசிச்சிக் காட்டாம வெளிய வுட்டது நானு. தப்பு மணியுது பாதி, என்னுது பாதி. அவரு மேல ஒண்ணும் இல்ல."

நாட்டார் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்பு. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஊரில் உள்ள எல்லாக் கைபேசியிலும் பழைய பாட்டை அழிக்க வேண்டும். அழிந்தால் வெள்ளிக்கிழமை சேகர் வலை கட்டலாம்.

"வெறும எடுத்தா ஒதவாது" என்றும் சேர்த்தார். "சும்மா வுட்டா சனங்க அந்த எடத்துல பழசையே பாடிப்பாங்க. வேற ஒண்ண வெச்சி அடைக்கணும்."

வியாழக்கிழமை பகல் ஒரு மணி. அறையில் அண்ணன், மணி, சேகர் அண்ணன், வள்ளி அக்கா, நான். அண்ணன் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினொன்றில் நின்றார். 'நன்று' என்பதை ஒருமுறை விரலால் தடவினார். என்னைத் திட்டவில்லை. கூரையைப் பார்த்து, "இன்னொண்ணு" என்றார்.

மணி புது வரிகள் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றையும் நான் சட்டப்படி வாசிக்க, சேகர் அண்ணன் தள்ளினார். "ஆம மாரி நடக்குற" என்றது ஒன்று. "இதக் கேட்டு எவன்டா பழச மறப்பான்?" என்றார். அவர் சொன்னது சரி. புது வரி பழையதைவிடக் கடுமையாக இல்லாவிட்டால் ஊர் வாய் பழையதற்கே திரும்பும். திரும்பினால் மறுபடி புகார், மறுபடி முறை நிற்கும். இரண்டரை மணி ஆயிற்று. கீழே ஐஸ் பார்களை இறக்கும் சத்தம் கேட்டது. மணி வியர்த்துப்போய் வட்டத்துக்குள்ளேயே குந்திவிட்டான்.

"அண்ணே, எங்கிட்ட சரக்கு தீந்துடுச்சி. உன்ன இதுக்கு மேல திட்ட எனக்குத் தெரியல."

சேகர் அண்ணன் வலைப்பொதியில் ஒரு முடிச்சை இறுக்கினார்.

"அம்மா சத்தியம்லாம் இல்ல" என்றார்.

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

"பதினாலு வயசுல அப்பா கடலுக்கு இட்டுகினு போனாரு. மொத அலையிலயே வாந்தி. மறுநாளும் வாந்தி. மூணாவது தபா படகு தள்ளும்போதே எடுத்துட்டேன். அல பாத்தாலே உள்ள பொரட்டும். இன்னிக்கி வரிக்கும் அப்பிடித்தான். மீன்கார வூட்டுப் புள்ளைக்கி இதான்னு எப்பிடி வெளிய சொல்றது? அப்பாதான் சத்தியம்னு கத கட்டி வுட்டாரு. சாவுற வரிக்கும் மாத்திப் பேசல."

வள்ளி அக்கா இடுப்பில் கை வைத்தாள். "பதினாறு வருசமா எங்கிட்டயும் சத்தியம்னுதானய்யா சொன்ன? அந்த அம்மா செத்தப்ப, சத்தியம் முடிஞ்சிதே, இனிமே கடலுக்குப் போயிடுவியோன்னு நான் மூணு நாளு அழுதேன்!"

"அதுக்குத்தான் அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீ அழுறது நல்லா இருந்துச்சி."

பிறகு மணியிடம் திரும்பி, தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். "இது குந்துதா பாரு. மீன்கார வூட்டுப் புள்ள, அல பாத்தா கொமட்டும் உள்ள."

எட்டுத் தட்டு. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

மணி எழுந்து நின்றான். "வேணாம்ணே. இது நெஜம். நான் பாட மாட்டேன்."

"டேய், என்ன திட்டத்தானடா வந்த?"

"திட்டுறது வேறண்ணே."

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. சேகர் அண்ணன் இடுப்புச் சாவியைக் கழற்றி மீன்கூடையில் போட்டார். மணியைத் தள்ளிவிட்டு வட்டத்துக்குள் நின்றார். நான் சட்டத்தை மறக்கவில்லை. இந்த முறை மறக்கவில்லை. அவருடைய வசையை அவருக்கே இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நோட்டில் திட்டுபவர் என்ற இடத்திலும், திட்டப்படுபவர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்திட்டார். மின்விசிறியை நிறுத்தினேன்.

ஒரே டேக். மைக் பிடித்துப் பழக்கமில்லாத, கொஞ்சம் கரகரத்த, எதையும் மறைக்காத குரல். அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். கூரையைப் பார்த்தார். நான் "இன்னொண்ணு" என்பதற்காகக் காத்திருந்தேன்.

"கீழ ஐஸ் போடச் சொல்லு" என்றார்.

எட்டு வருடத்தில், ஒரே டேக் போதும் என்கிற அந்தப் பாராட்டை நான் கேட்டது அன்று மட்டும்தான். அது எனக்கானதும் இல்லை. சீட்டில் 'நன்று' என்று எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன். அந்தச் சீட்டு வெறுமையாகவே இருக்கிறது.

அன்று மாலை ஏலக் கூடத்தில் கைபேசிகள் கூடைகூடையாக வந்தன. எனக்குத்தான் அழிக்கத் தெரியும் என்பதால், நாட்டார் மேற்பார்வையில் ஒவ்வொன்றாக வாங்கி, பழையதை எடுத்து, புதியதைப் போட்டுக் கொடுத்தேன். நாட்டாரின் கைபேசியில் மட்டும் பழைய பாட்டு நான்கு இடத்தில் இருந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சேகர் அண்ணன் முகத்துவாரத்தில் வலை கட்டினார்.

புதிய பாட்டு பழையதைவிடப் பத்து மடங்கு போனது. இன்று அதில் மக்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சேகர் அண்ணனைக் கண்டால், "அல பாத்தா கொமட்டும் உள்ள" என்று கத்துவார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டுவார். முந்தாநாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் எழுதும் இந்தக் கட்டுரையில் பெயர்கள் வருகின்றன. அறை மூடிவிட்டாலும் சட்டம் மூடவில்லை, நோட்டை ஓய்வுப் பரிசாக அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். மற்ற எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியபின், போன வாரம் சேகர் அண்ணனைத் தேடி முகத்துவாரத்துக்குப் போனேன். அன்று அவர் முறை. இடுப்பளவு தண்ணீரில் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். கரையில் வள்ளி அக்கா தூக்குச்சட்டியோடு. நான் நின்றபடியே இதை முழுவதும், ராகம் போடாமல், இரண்டு முறை வாசித்தேன்.

"அந்தக் கொரலு யாருதுன்னு கேட்டாங்கள்ல, போட்டுரு" என்றார் சேகர் அண்ணன். கரைக்கு வந்து கையைச் சட்டையில் துடைத்துக் கையெழுத்திட்டார்.

வள்ளி அக்கா போட மறுத்தாள். குழம்பைப் பற்றிய அந்த வரியை நான் இதில் முழுதாக எழுதியிருந்தேன். அதை அடித்த பிறகுதான் பேனாவை வாங்கினாள். அதனால்தான் வாசகர்களுக்கு அந்த வரி மட்டும் கிடைக்கவில்லை.

அதற்குள் அவர் திரும்பவும் தண்ணீருக்குள் போயிருந்தார். வள்ளி அக்கா கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"யோவ், சாப்பாடு ஆறுது!"

"ஆறட்டும்" என்றார் அவர், திரும்பாமல். "எம் மொற இன்னும் முடியல."